என் அப்பா தலையில் கட்டிய பரிவட்டம்

மலாக்காவில் லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், என் மேல் கோபப்படாதீர்கள். வெள்ளைக்காரனைத் திட்டப் போகிறேன். அதற்கு எல்லாரும் தலையை ஆட்டுவீர்கள். ஆனால் நம்மையும் நாலு வார்த்தை திட்டப் போகிறேன். நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் மரியாதையைப் பற்றித்தான் பேச்சு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். படித்த பிறகு என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள், எனக்கு ஒன்றும் ஆகாது.

ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. அப்போது நாடு கடத்தும் சட்டம் என்று ஒன்று இருந்தது. பிறகு வந்த சட்டங்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். அவற்றுக்கெல்லாம் இது அக்காள். அந்தச் சட்டத்துக்குச் சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். இவன் இங்கே இருந்தால் தொல்லை என்று தோட்டத்திலிருந்து மேலே ஒரு வார்த்தை போனால் போதும். ஆளைப் பிடித்துக் கப்பலேற்றிவிடுவார்கள். என் அப்பாவை அப்படித்தான் ஏற்றினார்கள். அவரை அவர்களுக்கு அடையாளம் காட்டியது எங்கள் கோயில் பரிவட்டம்.

பரிவட்டம் என்றால் உங்களுக்குத் தெரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மனுக்குச் சார்த்திய பட்டுத்துணியை எடுத்து, திருவிழாவில் முதல் மரியாதைக்குரிய ஆளின் தலையில் கட்டுவார்கள். எங்கள் தோட்டத்துத் துணி அரக்குச் சிவப்பு, ஓரத்தில் விரற்கடை அகலத்துக்குச் சரிகை. அதில் கற்பூரப் புகையும் பச்சைத்தண்ணீரில் ஊறிய வேப்பிலையும் கலந்த ஒரு வாடை இருக்கும். வருஷா வருஷம் அது வெள்ளைக்காரத் துரையின் தலையில் ஏறும். அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, சிவந்த மண்டையைக் குனிந்து காட்டுவார். பிறகு ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணிக்கு, பிறகு ஆட்களை வேலை வாங்கும் தண்டலுக்கு. துரைக்கு மரியாதை செய்துவிட்டு, மறுநாள் காலையில் அதே துரையிடம் ஏச்சு வாங்க நம் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

என் அப்பா பேசாத மனிதர். பேச வராது என்பதல்ல, கூச்சம். கிராணியைப் பார்த்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்போரம் இறங்கி நிற்பார். ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு வரும்போது அவர் மேலில் புளித்த பால் வாடை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் நான் நின்றுவிடுகிறேன். சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் வந்தவர். "ஒங்க ஊரு எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டால், "ஒரு பெரிய வேப்பமரம் இருக்கும் பாப்பா" என்பார். அதற்கு மேல் அவருக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அம்மா வேறு மாதிரி. நாங்கள் குடியிருந்த அதே லயத்தில், அதே வீட்டு வரிசையில் பிறந்தவள். இந்த மர நிரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் குன்றில் பால் எடுப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தண்டலிடமே வாயாடுவாள். வீட்டில் அப்பா அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். இந்தக் குரல் தன் வீட்டில் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எதிர் லயத்தில் ஓர் அக்கா இருந்தாள். அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். மரச்சீப்பு வைத்திருப்பாள், ஒரு பல் உடைந்தது. சிக்கெடுக்கும்போது வலித்தால், "கத்துடி கத்து, தொரை பங்களா வரைக்கும் கேக்கட்டும்" என்று சிரிப்பாள். அவளுக்கு அப்போது ஆறேழு மாதம். ஒரு சாயங்காலம் அவள் புருஷன் கள்ளுக்கடையிலிருந்து வந்தான். கருவாடு சுட்டு வைக்கவில்லை என்று பிடித்துத் தள்ளினான். லயத்து வாசலில் சிமெண்டுக் கால்வாய் இருந்தது. அதன் விளிம்பில் விழுந்தாள். மறுநாள் போய்விட்டாள், வயிற்றிலிருந்ததும் அவளோடு போய்விட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து பார்த்து, வழுக்கி விழுந்திருக்கிறாள் என்று சொன்னார். முந்தின நாள் எனக்குச் சிக்கெடுத்த சீப்பு எங்கள் வீட்டிலேயே கிடந்தது.

அன்று நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பிணத்தை எடுத்துப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுப் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தலைமுழுகினார்கள். ஆண்கள் காட்டுக்குப் போய்ப் புதைத்துவிட்டு ஆற்றில் குளித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டுக்கு வந்து விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும், அதுதானே முறை? அவர்கள் வரவில்லை. நேரே கள்ளுக்கடைக்குப் போய்விட்டார்கள். அந்தப் புருஷனும் கூடப் போய்விட்டான்.

அம்மா இன்னும் ஈரப்புடவையோடு நின்றிருந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "வெளக்க ஏத்தி வச்சிட்டு நாம உக்காந்திருக்கோம், இவனுங்களுக்கு அங்க மங்குல ஊத்துறானுங்களா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. விறுவிறுவென்று நடந்தாள். மற்றப் பெண்களும் அதே ஈரத்தோடு பின்னால் போனார்கள். நானும் ஓடினேன். கள்ளுக்கடை வாசலில் மணல் போட்டிருப்பார்கள், ஈ மொய்க்கும், புளித்த வாடை மூக்கைப் பிடிக்கும். அம்மா போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே இருந்தவன் வெளியே வர முடியவில்லை, வெளியே இருந்தவன் உள்ளே போக முடியவில்லை.

"எந்திரிங்கம்மா, யாவாரம் கெடுது" என்றான் கடைக்காரன்.

"ஒன் யாவாரத்துக்கு ஒருத்திய இப்பதான் பொதைச்சிட்டு வந்திருக்கு. இரு, இன்னும் கொஞ்ச நேரம் கெடட்டும்" என்றாள் அம்மா.

மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாளியும் அதைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்புமாக நேரே அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். சாயங்காலம் அடுப்பு மூட்ட ஆளில்லை. மற்ற வீடுகளில் ஆண்கள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். என் அப்பா என்ன செய்தார் தெரியுமா? சோறு பொங்கினார். அரிசியைக் களைந்து, உலையில் போட்டு, கண்ணில் புகை ஏற ஊதி ஊதி ஒரு வழியாகக் கஞ்சியும் இல்லாமல் சோறும் இல்லாமல் ஒன்றை இறக்கி வைப்பார். "ஒங்கம்மா பாவம், பசியோட வருவா" என்பார். அந்தப் போராட்டம் முழுவதும் அவர் செய்த வேலை அதுதான்.

பெரிய கிராணி வந்து பார்த்தார். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு. "யாரு இதுக்குத் தலைவரு?" என்றார்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "தலைவரும் இல்ல வாலும் இல்லைங்க. நாங்கதான்" என்றாள் அம்மா.

"பொம்பளைங்களா இதெல்லாம் செய்ய மாட்டீங்க. பின்னாடி எவன் இருக்கான்னு சொல்லுங்க."

"பின்னாடி செவுரு இருக்குங்க" என்றாள் அம்மா. அன்று லயம் முழுவதும் அதே பேச்சு.

இதைக் கவனியுங்கள். கிராணிக்கு அன்றைக்கே ஒரு தலைவன் தேவைப்பட்டான். பெண்கள் தாமாக எழுந்து வந்து உட்கார்ந்தார்கள் என்று அவரால் துரையிடம் போய்ச் சொல்ல முடியாது. மறுநாள் உட்கார்ந்த பெண்களுக்கெல்லாம் வேலையில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதற்கு அடுத்த காலை கொம்பு ஊதியபோது, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒருவருமே போகவில்லை. ஆண்களும் போகவில்லை. வெட்கப்பட்டோ, வீட்டில் பெண்டாட்டிக்குப் பயந்தோ, எதற்கோ போகவில்லை. மரங்கள் பால் வெட்டாமல் நின்றன. துரை இரண்டு நாள் பார்த்தார். பிறகு கள்ளுக்கடையை மூடச் சொன்னார். தற்காலிகமாக என்று சொன்னாராம். தற்காலிகம் என்றால் என்னவென்று எங்கள் லயத்தில் யாருக்குத் தெரியும்? ஜெயித்துவிட்டோம் என்று கும்மாளம் போட்டார்கள்.

அந்தக் கும்மாளத்தில்தான் திருவிழா வந்தது. துரை அந்த வருஷம் வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படியானால் முதல் மரியாதை யாருக்கு? தண்டல் பெரியவர்தான் கோயிலுக்கும் பெரியவர். அவரும் நாலு பேரும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"இந்த வருசம் ஒன் வீட்டுக்காரனுக்குத்தான் பரிவட்டம்மா. கடைய மூட வச்சது ஒங்க வீடுதானே" என்றார் தண்டல்.

அடுப்படியிலிருந்த அப்பா பதறிப்போய் வெளியே வந்தார். "ஐயோ, நா என்னா செஞ்சேன் பெரியவரே? நா இங்க ஒல வச்சிக்கிட்டு இருந்தேன். செஞ்சது இவதானே? இவளுக்குக் கட்டுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் வாழ்க்கையிலேயே அவர் சொன்ன பெரிய வார்த்தை அதுதான், அதற்குச் சிரித்தார்கள். "பொம்பள தலையில பரிவட்டமா? நல்லா இருக்கே! அம்மன் கண்ணக் குத்திடும்டா" என்றார் தண்டல்.

அம்மாவும் சிரித்தாள். அதை நான் மறைக்கப் போவதில்லை. "போங்க, கூச்சப்படாம கட்டிக்கிங்க. ஒங்க தலையில கட்டினா எந்தலையில கட்டின மாதிரிதான்" என்றாள். திருவிழா அன்று காலையில் அவர் தலையில் நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, வேட்டியைத் தானே மடித்துக் கொடுத்து அனுப்பினாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேளம் அடித்தது. அப்பா அம்மன் முன்னால் குனிந்தார். பூசாரி அரக்குச் சிவப்புத் துணியை அவர் தலையில் சுற்றி, சரிகை நெற்றியில் வரும்படி முடிந்தார். கழுத்தில் சம்பங்கி மாலை. அப்பாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என்னைத் தேடிக் கண்டுபிடித்து என்னையே பார்த்தார். நான் கையைத் தட்டினேன். தோளில் தூக்கிக்கொண்டு லயம் லயமாகச் சுற்றினார்கள், ஆபீஸ் வாசல் வழியாகவும் போனார்கள்.

இரண்டாவது மரியாதை பெரிய கிராணிக்கு. வழக்கம் அது, விட்டால் தவறாகிவிடும் என்று முறையாக அழைத்திருந்தார்கள். இதைத்தான் நம் ஆட்களைத் தவிர வேறெவனும் செய்திருக்க மாட்டான். ஒரு பால்வெட்டுக்காரனுக்கு முதல் பரிவட்டம், அவனுக்குப் பின்னால் பெரிய கிராணி! அவர் தலையை நீட்டவில்லை. விபூதியை மட்டும் வாங்கிக்கொண்டு, அப்பாவை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். பொங்கலும் சாப்பிடாமல் போய்விட்டார். "வயிறு சரியில்ல போல" என்று தண்டல் சொன்னார், எல்லாரும் அதற்கும் சிரித்தார்கள். தலைவன் யார் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, மேளம் அடித்து, மாலை போட்டு, தோளில் தூக்கிக் காட்டியிருந்தோம்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, லூபோக் சீனா கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தார். போலீஸ்காரர்களின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைப்பதும் கால்சட்டைக்கு ஒட்டுப் போடுவதும் அவர்தான். ஒருநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்தார். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது.

"மாப்ள, ஒடனே கெளம்புங்க. ஸ்டேசன்ல ஒங்களப் பத்தித்தான் பேச்சு. செவப்புத் தலப்பா கட்டினவன்தான் தலைவன்னு கிராணி சொல்லிட்டாராம். நாடு கடத்துறாங்களாம் லா. ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா நெகிரி, வேற சீமை. சம்பான்காரன்ட்ட பேசிட்டேன். அங்க கம்போங்ல எனக்குத் தெரிஞ்ச மலாய்க்காரரு இருக்காரு, ரெண்டு மாசம் இருந்துட்டு வாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அவளைப் பார்ப்பதுதான் அவர் பழக்கம்.

"எதுக்கு ஓடணும்?" என்றாள் அம்மா. "திருடினாரா? ஆள அடிச்சாரா? ஓடினாத்தான் தப்பு செஞ்சதா ஆவும். வந்து கேக்கட்டும். கேட்டா நா பதில் சொல்லிக்கிறேன்."

"கேக்க மாட்டாங்க தங்கச்சி. அதத்தான் சொல்றேன். கேக்கறதே கெடையாதாம்!"

"கேக்காம எப்படிண்ணே புடிப்பாங்க? அதென்ன நாயம்?"

அப்பா மெதுவாகச் சொன்னார், "அவ சொல்றதும் சரிதானே மச்சான்." மாமா தலையில் அடித்துக்கொண்டார். வெகுநேரம் வாசலிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குற்றம் செய்தவனைத்தான் பிடிப்பார்கள், பிடித்தால் கேட்பார்கள், கேட்டால் சொல்லலாம் என்று நம்பினாள். குற்றமே தேவைப்படாத ஒரு சட்டம் இருக்கும் என்று லயத்தில் பிறந்த அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இன்னும் புரியவில்லை.

மூன்று நாலு நாள் கழித்துப் பெரட்டில் வைத்துப் பிடித்தார்கள். பொழுது சரியாக விடியவில்லை, பனி இறங்கியிருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாள், மரத்தில் உறைந்த கட்டிப்பால் பொறுக்க நானும் வாளியோடு போயிருந்தேன். ஆபீஸ் பக்கத்தில் ஒரு லாரி நின்றது. கிராணி வழக்கமாக அப்பா மாதிரிக் கடைசி நிரை ஆட்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார். அன்று முதல் பெயர் அப்பாவுடையது. அவர் முன்னே போனதும் இரண்டு மாத்தாக்கள், போலீஸ்காரர்கள்தான், இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக வந்து கையைப் பிடித்தார்கள். அப்பா பழக்கத்தில் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்கப் பார்த்தார். கையைப் பிடித்திருந்ததால் துண்டு கீழே விழுந்தது.

அம்மா வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினாள். "அவர ஏன்யா புடிக்கிறீங்க? நாந்தான்யா உக்காந்தேன்! இந்தா நிக்கிறாங்களே, இவங்களக் கேளுங்க!" என்று கத்தினாள். இரண்டு குன்றுக்குக் கேட்கும் குரல். தோளில் தூக்கிய அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை. தண்டல் பெரியவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களை நான் மன்னித்துவிட்டேன் என்று பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். மன்னிக்கவில்லை.

அப்பா ஒரு கையை உருவி, இடுப்பில் செருகியிருந்த வரக்கோப்பி பாட்டிலை எடுத்து, பக்கத்தில் ஓடிவந்த என்னிடம் நீட்டினார். இன்னும் சூடாக இருந்தது. "ஒடைச்சிடாத பாப்பா" என்றார். லாரி போய்விட்டது. கிராணி அடுத்த பெயரைக் கூப்பிட்டார், அந்த ஆள் வந்து நின்றான், வேலை நடந்தது. அன்று சாயங்காலமே கள்ளுக்கடையைத் திறந்துவிட்டார்கள்.

மாமா எங்கள் இருவரையும் பஸ்ஸில் மலாக்காவுக்குக் கூட்டிப்போனார். எனக்கு அதுதான் முதல் பட்டணப் பயணம். கடல் வாடை, பசாரில் உப்புமீன் வாடை, வெயில். ஒரு ஆபீசில் வெகுநேரம் நிற்க வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தமிழ்க் கிராணி.

"ஐயா, எம்புருசன் ஒண்ணும் செய்யல. கடை வாசல்ல உக்காந்தது நான். பேசினது நான். பொம்பளைங்கள கூட்டிட்டுப் போனது நான். அவரு வீட்ல சோறு பொங்கிக்கிட்டு இருந்தாரு. என்னப் புடிச்சிக்கிட்டு அவர விடுங்க" என்றாள் அம்மா.

தமிழ்க் கிராணி அதை இங்கிலீஷில் சொல்லும்போதே சிரித்தார். சோறு பொங்கிய இடம் வந்ததும் வெள்ளைக்காரரும் சிரித்தார். கோபமாகக்கூட இல்லை, நல்ல மனிதர் சிரிக்கிற மாதிரி சிரித்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"நீ எங்க பொறந்தேன்னு தொரை கேக்குறாரு."

"இங்கதாங்க. லூபோக் சீனா பக்கத்துல."

"அப்படின்னா இந்தச் சட்டம் ஒனக்குக் கெடையாதும்மா. நீயே செஞ்சிருந்தாலும் ஒன்ன அனுப்ப முடியாது. அவன் கப்பல்ல வந்தவன், அவன அனுப்பலாம். அவன் ஊருக்குத்தானே போறான்? எதுக்கு அழுவுற?"

"எப்பங்க விசாரிப்பாங்க?"

"விசாரணையெல்லாம் இல்லம்மா. மேல முடிவாயிடுச்சு."

அம்மா அழவில்லை. அந்த ஆள்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.  அந்தக் குரல் எழும்பாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாமா யார் யாரையோ பிடித்து, ஜெயிலில் அப்பாவைப் பார்க்க ஏற்பாடு செய்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். தலையை மொட்டையடித்திருந்தார்கள். அம்மா வைத்த எண்ணெய், சீயக்காய் எல்லாம் போய், அந்தத் தலை எனக்கு யாருடைய தலையோ போல இருந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நாங்களும் வந்துடுறோம், மூணு பேரும் போயிடலாம்" என்றாள்.

"எங்க வருவ? அங்க எனக்கே யாரையும் தெரியாது. ஒரு வேப்பமரந்தான் தெரியும்" என்றார். சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன். பிறகு, "கடைய திரும்பத் தொறந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"அன்னைக்கே தொறந்துட்டாங்க."

 "அப்ப நீ போய் உக்காரு" என்றார். "சோறு பொங்க ஆளில்லையேன்னு பாக்காத. பாப்பா பொங்கும்."

அதற்குள் நேரம் ஆகிவிட்டது என்று விரட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் போனபோது அவர் அங்கே இல்லை. எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஜப்பான் சண்டை முடிந்து பல காலம் கழித்து, அலோர் காஜாவில் மளிகைக்கடைக்கு நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு ஆள் இருந்தானாம். எந்தக் கப்பல் வந்தாலும் போய், இது மலாக்கா போகுதா என்று கேட்பானாம். அதிகம் பேச மாட்டானாம். சண்டைக்குப் பிறகு அவனைக் காணோமாம். அது என் அப்பாதானா என்று எனக்குத் தெரியாது. அவர்தான் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா போன பிறகு அம்மா கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஊமையாகவே இருந்தாள். பெரட்டுக்குப் போவாள், மரம் வெட்டுவாள், வருவாள், படுப்பாள். கள்ளுக்கடைப் பக்கம் போகவில்லை. மற்றப் பெண்களும் போகவில்லை. அக்காவின் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

மறுபடியும் திருவிழா வந்தது. பரிவட்டத் துணி எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது. கட்டிக்கொண்டவர் வீட்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்ப வேண்டும் என்பது முறை. தண்டல் பெரியவர் தாம்பாளத்தோடு வந்தார். பாவம், அவருக்கும் ஒரு வருஷத்தில் முதுகு கூனிவிட்டது. துரை வர மாட்டார். கிராணி வர மாட்டார். தோட்டத்தில் எந்த ஆம்பளையும் அந்தத் துணிக்குத் தலையைக் கொடுக்கத் தயாராக இல்லை. ஒருத்தன் வயிற்றுவலி என்றான், ஒருத்தன் தீட்டு என்றான்.

"யாரும் ஏத்துக்க மாட்டேங்கிறானுங்கம்மா. அம்மன் மரியாத அந்தரத்துல நிக்கிது. ஒன் வீட்டுக்குச் சேந்தது... நீயே கட்டிக்கிறியா? நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம், கொற ஒண்ணும் இல்ல" என்றார்.

அம்மா பெட்டியைத் திறந்து துணியை எடுத்தாள். கற்பூர வாடை அப்படியே இருந்தது. அவள் குரல் ஒரு வருஷம் கழித்து அன்றுதான் திரும்ப வந்தது. கத்தவில்லை, ஆனால் லயம் முழுக்கக் கேட்டது.

"அன்னைக்கு அவரு அடுப்படியிலேருந்து ஓடியாந்து இவளுக்குக் கட்டுங்கன்னாரே பெரியவரே. சிரிச்சீங்களே. நானும் சேந்து சிரிச்சேனே பாவி! அன்னைக்கே எந்தலையில கட்டியிருந்தா ஒருத்தனும் அவரப் புடிச்சிருக்க மாட்டான். பொம்பள தலையில துணியப் பாத்தா, பால் வெட்டப் போறாள்னுதான் நெனச்சிருப்பானுங்க."

தண்டல் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா துணியைத் தாம்பாளத்தில் வைக்கவில்லை. மறுநாள் காலை, மற்றப் பெண்கள் பழைய துண்டைத் தலையில் கட்டுகிற மாதிரி, காதை மூடி, பிடரியில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். கிராணி பெயரைக் கூப்பிட்டார், அவளைப் பார்த்தார், அடுத்த பெயருக்குப் போய்விட்டார். போன வருஷம் அவர் கண்ணை உறுத்திய அதே சரிகைதான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

பால் நிறுத்துக் கொடுத்ததும், அதே தலையோடு, வாளியோடு, கள்ளுக்கடை வாசலில் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் தனியாகத்தான். அப்புறம் ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி. கடையைத் தோட்டத்துக்கு வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். அம்மாவும் ரோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். கடை மூடவில்லை. பொய் சொல்வானேன், ஜப்பான்காரன் வரும்வரை மூடவில்லை. போலீஸ் ஒரு தடவை லாரியில் வந்தது. ஆண்களை மட்டும் வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருத்தன் தலையாகப் பார்த்து, தலைவன் யார் என்று கேட்டுவிட்டுப் போனது. பட்டுத்துணியில் பால் தெறித்துத் தெறித்து, காய்ந்து, சிவப்பு போய், சரிகை போய், கடைசியில் அது கறுப்பாக விறைத்துப்போனது. ஜப்பான் காலத்துத் துணிப் பஞ்சத்தில் அதுவும் எங்கேயோ தொலைந்தது.

போலீஸ் வந்த அன்றைக்கு அந்த லாரி எங்கள் லயத்து வாசலிலும் நின்றது. ஒரு மாத்தா இறங்கி, வீட்டுக்குள் தலையை நீட்டி, "அப்பா ஆடா?" என்று, அப்பா இருக்கிறாரா என்று மலாயில் கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அவனுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன்.